கீழ் மண்டபத்தில் கிடைத்த அறுபத்து மூன்று நட்சத்திரங்கள்

அந்தோனியார் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை இக்னேசியஸின் தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பத்து மணிவரை அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு, தொலைபேசிதான் பழுதாகிவிட்டதோ என்று மனைவி யூஜினியைக் குசினியிலிருந்து ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தது. எடுத்து "ஹலோ" என்றார்.

"என்ன ஹலோ? நான் இஞ்ச உங்களுக்குப் பின்னால நிக்கிறன்" என்றார் யூஜினி.

இக்னேசியஸ் பூட்டுத் திறப்பவர். சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள், காரின் திறப்பைக் காருக்குள்ளேயே பூட்டியவர்கள், வாடகைக்கு இருந்தவர் போனபின் பூட்டை மாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு, சில நாட்களில் எட்டு. அன்று ஸ்காபரோவில் ஒருவருமே மறதியாகக் கதவைச் சாத்தவில்லை என்று நம்புவது கடினம். மத்தியானம் அவர் தன் தொலைபேசியிலேயே பக்கத்தில் உள்ள பூட்டுக்காரர்களைத் தேடிப் பார்த்தார். வரைபடத்தில் பதினாறு பேர் வந்தார்கள். அவர் இல்லை. தன் தொழிலின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்துத் தேடினார். அப்போதும் இல்லை. சமையல்மேசையில் இருந்துகொண்டு, ஒரு மனிதர் தன்னைத் தேடித் தான் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

அவருடைய வீடும் என் வீடும் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு சுவரைப் பங்குபோட்டவை. பதினொரு வருடமாக அந்தச் சுவருக்கு மறுபக்கத்திலிருந்து அவர் பூட்டுகளைப் பிரித்துப் பூட்டுகிற சிறு சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். வேலையில் கவனமானவர் என்று சொல்வேன். அதற்குமேல் சொல்ல எனக்கு அவரிடம் பூட்டு வேலை எதுவும் வந்ததில்லை.

ஊரில் பேசாலையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். தொண்ணூற்றிரண்டில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் அவரோடு சேர்த்து ஏழு ஆண்கள் இருந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேருடைய பெயர்தான். ஆகையால் திறப்பும் இரண்டுதான். மூன்றாவது திறப்புக் கேட்டால் மூன்றாவது ஆள் இருப்பது தெரிந்துவிடும். ஏழு பேரும் ஏழு நேரத்தில் வேலைக்குப் போய் வந்தார்கள். இக்னேசியஸ் காலையில் வந்தால் உள்ளே இருப்பவர்கள் செத்த நித்திரை. தட்டினால் பக்கத்து வீட்டார் எழும்பிவிடுவார்கள். பழைய சாமான் கடையில் அதேமாதிரிப் பூட்டு ஒன்றை வாங்கி, குசினியில் வைத்துப் பிரித்து, உள்ளே ஐந்து சிறிய ஊசிகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, இரண்டு கம்பியால் அவற்றை ஒவ்வொன்றாக எப்படி நிறுத்துவது என்று பழகிக்கொண்டார். மூன்று வாரம் எடுத்ததாம். அதன்பிறகு தன் சொந்த வீட்டுக்குள் களவாக நுழைவதைப்போல் ஒன்றரை வருடம் நுழைந்தார்.

பிறகு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம். அது மூடியபோது வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் கோழி பொதி செய்யும் இடத்தில் இரண்டு குளிர்காலம் நின்றார். அந்தக் குளிர் அறையில் வலது கைவிரல்கள் மடங்க மறுக்கத் தொடங்கின. விரல் மடங்காவிட்டால் பூட்டு வேலையும் இல்லை. அதனால் அதை விட்டு, ஒரு பழைய வான் வாங்கி, ஓய்வு நேரத்தில் செய்துவந்ததையே தொழிலாக்கினார். மகள் நடாஷா, அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தவள், தேடுதளத்தில் அவருக்கு ஒரு பதிவைச் செய்துகொடுத்தாள். 'இக்னேசியஸ் லொக்ஸ்'. கடை கிடையாது, வீட்டு முகவரி மறைக்கப்பட்டிருக்கும், தொலைபேசி எண்ணும் வேலை செய்யும் பகுதியும் மட்டும் தெரியும். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு பேர் அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அநேகர் முன்பின் தெரியாதவர்கள். வந்தார், திறந்தார், நியாயமான விலை என்ற அளவில் எழுதியவர்கள்.

நாற்பத்தொன்று காணாது, போதாது என்ற எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டால், இந்த வருடம் பங்குனியில் வந்தது. அவருக்கு மேலே வரைபடத்தில் முளைத்திருந்த புதிய பூட்டுக்காரர்களுக்கு நானூறு, அறுநூறு என்று இருந்தது. அவர்களில் ஒருவருடைய முகவரிக்கு இக்னேசியஸ் ஒருநாள் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு பல் வைத்தியர் இருந்தார்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோவிலின் கீழ் மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, அவர் அன்ரனெற் அக்காவிடம் இதைச் சும்மா கதையோடு கதையாகச் சொன்னார். அன்ரனெற் அக்கா எங்கள் பங்கின் ஒலிவாங்கியை முப்பது வருடமாகக் கையிலிருந்து இறக்காதவர். தவறவிட்ட கைப்பை, வெளிச்சம் போட்டபடி நிற்கும் கார், சுகமில்லாதவருக்கான செபம், எல்லாம் அவர் குரலில்தான் எங்களுக்கு வரும். இதுவும் வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ. எங்கட இக்னேசியஸ் அண்ணையின்ர பூட்டுக் கொம்பனிக்கு எல்லாரும் இப்பவே ஐஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுங்கோ. பிறகு எண்டு சொன்னால் மறந்துபோடுவியள். ரோல்ஸ் எடுக்கிற லைனில நிக்கேக்கை போடலாம்."

"தொலைஞ்ச சாமானெல்லாம் எடுத்துத் தாற அந்தோனியார் திறப்பையும் கண்டுபிடிச்சுக் குடுத்தால் இவருக்கு என்னண்டு பிழைப்பு?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது.

போட்டார்கள். மண்டபம் நிலத்துக்குக் கீழே இருப்பதால் தொலைபேசி வலை அங்கே பிடிக்காது. கோவிலின் வைஃபையில்தான் எல்லோரும் ஏறினார்கள். அதன் கடவுச்சொல் தேத்தண்ணிக் கொதிகலனுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. எழுதத் தெரியாத வயதானவர்களுக்கு ஒருவர் இரண்டு வரி எழுதி வாட்ஸப் குழுவில் போட, அதையே பலர் எடுத்து ஒட்டினார்கள். மற்றவர்கள் தாங்களாகவே எழுதினார்கள். 'மிகவும் நல்ல குடும்பம்.' 'என் மகனின் முதல் நன்மைச் சடங்குக்கு வந்து கடைசிவரை நின்று கதிரை அடுக்கினார்.' 'மாதா காப்பாற்றுவா.' சாப்பாட்டு வரிசை முடிவதற்குள் அறுபத்து மூன்று. இக்னேசியஸ் தொலைபேசியை யூஜினியிடம் காட்டினார். யூஜினி கண்ணைத் துடைத்தார். கலியாண வீட்டில் கவர் கொடுப்பதைப்போல, கொடுக்காமல் விட்டால் குறை என்று நினைத்தே பலர் கொடுத்தார்கள்; ஆனாலும் கொடுத்தார்கள்.

செவ்வாய் காலை அவர் பதிவு நிறுத்தப்பட்டது. மின்னஞ்சல் நடாஷாவுக்குத்தான் போயிருந்தது. அவள் ஒட்டாவாவில் வேலை செய்கிறாள். பின்னேரம் வீடியோ அழைப்பில் வாசித்துக் காட்டினாள்.

"ஏமாற்றுகிற உள்ளடக்கம் எண்டு போட்டிருக்கு, அப்பா."

"ஆர் ஏமாத்தினது?"

"நீங்கள்."

"ஆரை?"

"அது போடேல்ல." அவள் கொஞ்சம் கீழே போய் வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அப்பா, ஸண்டே என்ன நடந்தது? ஒரு மணித்தியாலத்துக்குள்ள சிக்ஸ்ரி த்ரீ ரிவியூஸ். எல்லாம் ஒரே வைஃபை. ஆர் யூ ஸீரியஸ்?"

"எங்கட சனம் போட்டது."

"அவைக்கு நீங்கள் பூட்டுத் திறந்தனீங்களோ?"

இக்னேசியஸ் யோசித்தார். "ஜூலி வீட்டுப் பின்கதவு. பிறகு சீமோன் வாடகைக்குப் பிரிச்ச வீட்டுக்கு ரெண்டு பூட்டு."

"அப்ப ரெண்டு பேர். மிச்சம் சிக்ஸ்ரி வன் பேர் ஃபேக்."

"அவை ஃபேக் இல்லைப் பிள்ளை. எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"அதுதான் அப்பா பிரச்சினை!"

இந்த உரையாடலை யூஜினிதான் எனக்குச் சொன்னார். இதைப் பற்றி நானும் பலநாள் யோசித்திருக்கிறேன். அந்த அறுபத்தொரு பேரில் ஒருவரும் தன் கதவை அவர் திறந்ததாக எழுதவில்லை. நல்ல மனிதர் என்று எழுதினார்கள். அவர்களுக்கு அது தெரிந்த விடயம்தான். பொய் எங்கே இருந்தது? ஒருவரை நன்றாகத் தெரிந்தவர் அவருக்குச் சாட்சி சொல்வதுதான் எங்களுக்குச் சாட்சி. தேடுதளத்துக்கோ தெரியாதவர் சொன்னால்தான் சாட்சி. இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், எனக்கு ஒரு நாள் ஒன்றும் மறுநாள் மற்றதும் சரியாகப் படுகிறது. பல் வைத்தியரின் முகவரியில் இருந்த பூட்டுக்காரருக்கும் அறுநூறு பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள்.

அன்றிரவே கணவனும் மனைவியும் ஒரு தவணை வைத்தார்கள். செப்ரெம்பர் முதலாம் தேதிக்குள் பதிவு திரும்பி வராவிட்டால், அவர் கோழி பொதி செய்யும் இடத்துக்குத் திரும்பவேண்டும். ஏஜென்சியில் இடம் இருந்தது. அவர்கள் அவரை மறக்கவில்லை. கையைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

மேன்முறையீட்டுக்கு ஒரு படிவம். அதைத் திறந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆதாரங்களை ஏற்றிவிடவேண்டும். வியாபாரப் பதிவுப் பத்திரம் இருந்தது. ஆனால் அது வீட்டு முகவரியில். லைசென்ஸ் கேட்டார்கள், இந்த மாகாணத்தில் பூட்டு வேலைக்கு அப்படி ஒன்று கிடையாது. இல்லாத ஒன்று இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் ஏற்றுவது என்று நடாஷாவுக்கும் தெரியவில்லை. அடுத்து ஒரு வீடியோ கேட்டார்கள். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும். வீதியின் பெயர்ப்பலகை, வேலை செய்யும் இடம், கருவிகள், கடைப் பெயர் போட்ட வாகனம், கடைசியாக அந்த இடத்துக்கு உரிமையுள்ளவர் மட்டும் திறக்கக்கூடிய ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டுவது.

வீடியோ எடுப்பவர் யூஜினி. ஆட்கள் பார்க்கப்போகிறார்கள் என்றதும் அவர் முதலில் செய்தது வானை வீட்டுக்கு முன்னாலிருந்து அகற்றச் சொன்னதுதான். வான் நின்றால் ரோசாச் செடி மறைகிறது. "முதல்ல வீட்டைப் பார்க்கட்டும், பிறகு வானைப் பார்க்கட்டும்" என்றார். வான் பார்வையாளர் தரிப்பிடத்துக்குப் போனது. அதில் கடைப் பெயரும் இல்லை. எங்கள் குடியிருப்பில் வியாபாரப் பெயர் எழுதிய வாகனம் நிறுத்தக்கூடாது என்று விதி இருப்பதால், இக்னேசியஸ் காந்தத் தகட்டில் பெயர் அடித்து வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும்போது ஒட்டுவார். வீடு வந்ததும் உரித்துவிடுவார். ஆறு வருடமாக விதியை மீறாத மனிதர். வீடியோவிலும் மீறவில்லை. தகட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், வானில் ஒட்டி, யூஜினி எடுத்து முடித்ததும் உரித்துக்கொண்டு வந்தார். ஒரே ஓட்டம் அல்லவா, அதுவும் பதிவாகியது.

பிறகு கதவு. சட்டைப்பையில் திறப்பு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தோல் பையிலிருந்து இரண்டு கம்பியை எடுத்து, முழந்தாளில் இருந்து, பன்னிரண்டு வினாடியில் திறந்துவிட்டுக் கமெராவைப் பார்த்து எழும்பினார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திறப்பால திறந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"திறப்பு இருந்தால் ஆரும் திறப்பான் அண்ணை. திறப்பு இல்லாமல் திறக்கிறதுதானே என்ர தொழில். அதைத்தானே அவை பார்க்கவேணும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எங்கோ ஒரு அலுவலகத்தில் இதைப் பார்க்கும் ஒருவர், அவர் மனிதராக இருந்தால், என்ன பார்த்திருப்பார் என்றும் நினைத்தேன். ஒரு வீடு. பெயர்ப்பலகை இல்லை. ஒரு ஆள் யாருடையதோ வானில் ஒரு பெயரை ஒட்டிவிட்டு உடனே உரிக்கிறார். பட்டப்பகலில் முழந்தாளில் இருந்து கம்பியால் ஒரு கதவைத் திறக்கிறார். திறந்ததும் மிகவும் சந்தோசப்படுகிறார்.

மூன்றாம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. சரிபார்க்க முடியவில்லை. காரணம் இல்லை.

ஜூலை முழுவதும் அவர் வேறொரு வேலை செய்தார். போட்ட நட்சத்திரங்களைத் திருப்பி எடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போனார். அவற்றை அகற்றினால் பதிவு திரும்பக்கூடும் என்று நடாஷா சொல்லியிருந்தாள். தொலைபேசியில் கேட்கலாம் என்றாள். தொலைபேசியில் கேட்கிற விடயமா இது? ஒருவர் அன்போடு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு நேரில் போகவேண்டும், போனால் தேத்தண்ணி குடிக்கவேண்டும், தேத்தண்ணி குடித்தபின் எப்படிக் கேட்பது? பல வீடுகளில் அவர் கேட்காமலே திரும்பினார்.

கேட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஜூலி, "ஏன் அண்ணை, நாங்கள் போட்டது உங்களுக்குக் காணாதோ?" என்றார். சீமோன், "என்ர பேர் உங்கட கொம்பனிக்கு வெக்கமோ?" என்று கேட்டார். இருவருக்கும் அவர் உண்மையாகவே பூட்டு வேலை செய்தவர். எல்லோரிடமும் கேட்ட வாயால் இவர்களிடமும் கேட்டுவிட்டார்; அவர்கள் அகற்றத் தேவையேயில்லை. அதை அவர் விளங்கப்படுத்தப் போக, "அப்ப ஆர் அகற்றவேணும், அவையின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்" என்று சீமோன் கேட்டார். இக்னேசியஸ் எழுந்து வந்துவிட்டார். அடுத்தநாள் பார்த்தால் சீமோன் தன் ஐந்தை இரண்டாக மாற்றியிருந்தார்.

அன்ரனெற் அக்கா ஒலிவாங்கியில் சொல்லவா என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா! கும்பிட்டன். இனி ஒண்டும் சொல்லாதேங்கோ."

"அப்ப செபமாலை ஒண்டு சொல்லுவமோ?"

"மனசுக்குள்ள சொல்லுங்கோ."

பதினேழு பேர் அகற்றினார்கள். அவர்களில் சிலர் கோவிலில் அவரைக் கண்டால் வேறுபக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். இக்னேசியஸுக்கு ஏதோ மனக்குறை என்றும், குடும்பத்தில் பிரச்சினை என்றும் கதை அடிபட்டது. இரண்டாவது மேன்முறையீடும் இரண்டு வரியில் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒருநாள் நீக்கிலாஸ் அவரைப் பிடித்தார். நீக்கிலாஸ் மல்வேர்னில் ஒரு சிறிய பிளாசாவில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர். இக்னேசியஸின் பழைய சென் ஜேம்ஸ் ரவுண் அறைக்கூட்டாளி, அந்த ஏழு பேரில் ஒப்பந்தத்தில் பெயர் இருந்த இரண்டு பேரில் ஒருவர்.

"நீ ஆறு வருசமா இல்லாத கடைக்கு நட்சத்திரம் கேட்டால் எவன் தருவான்?" என்றார் நீக்கிலாஸ்.

"எனக்குக் கடை தேவையில்லையடா. கதவு பூட்டினவன் கதவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவானோ?"

"வரமாட்டான். ஆனாலும் கடை வேணும்."

"ஆருக்கு?"

"உவைக்கு." நீக்கிலாஸ் தொலைபேசியைக் காட்டினார். "என்ர கவுண்டரில ஒரு மூலை தாறன். உன்ர திறப்பு வெட்டுற மெஷினை வை. வெளியால என்ர போர்டுக்குக் கீழ உன்ர போர்ட் ஒண்டு. லீஸ் பேப்பர் எழுதித் தாறன். மாசம் ஏதாவது தா, இல்லாட்டி என்ர மனிசி விடாள்."

"அங்க நான் இருக்கமாட்டனே. வேலை எல்லாம் வெளியால."

"இருக்கிற நேரம் இரு."

"இது பொய்யில்லையோ?"

நீக்கிலாஸ் திரையில்லாத ஒரு தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷின் நிக்குது. போர்ட் நிக்குது. லீஸ் இருக்குது. நீயும் வருவாய். இதில எது பொய்? சொல்லு, நான் அதைக் கழட்டிவிடுறன்."

இக்னேசியஸ் இதை என்னிடம் வந்து கேட்டார். நான் புத்தகம் வாசிக்கிறவன் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று அவர் நினைக்கிறார். எனக்கும் பொய்யான பகுதி எது என்று காட்ட முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் உண்மை. சேர்த்துப் பார்த்தால்தான் ஏதோ சறுக்குகிறது. "மணித்தியாலம் போட்டால் அந்த மணித்தியாலத்துக்கு அங்கே இருங்கோ" என்று மட்டும் சொன்னேன். பெரிய ஆலோசனை அல்ல.

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒன்பதிலிருந்து ஒன்று என்று போட்டார். வானிலிருந்து மெஷினை இறக்கிக் கவுண்டர் மூலையில் பொருத்தினார். பலகை வந்தது. இந்தமுறை வீடியோவை நீக்கிலாஸ் எடுத்தார். வீதிப் பெயர், பிளாசா, இரண்டு பலகை, மெஷின், பிறகு கதவு. கதவை நீக்கிலாஸின் திறப்பால் திறந்தார். "கம்பியைத் தொட்டியோ, உன்னைக் கொன்றுபோடுவன்" என்ற நீக்கிலாஸின் குரலும் வீடியோவில் இருந்தது. தமிழில் இருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லைப்போல.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, வீடியோ அனுப்பிய நாலாவது நாள், பதிவு திரும்பியது. சொந்தக் கதவைச் சொந்தக் கையால் திறந்தபோது நம்பாதவர்கள், இன்னொருவரின் கதவை இன்னொருவரின் திறப்பால் திறந்தபோது நம்பினார்கள். நட்சத்திரங்களில் இருபத்திரண்டு மீண்டன. எந்த இருபத்திரண்டு என்று யூஜினி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆறு வருடத்தில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியவற்றில் பாதிக்குமேல் போய்விட்டன. முதல் நன்மைக்குக் கதிரை அடுக்கியது இருந்தது. மாதா காப்பாற்றுவா என்பதும் இருந்தது. சீமோனின் இரண்டும் இருந்தது.

"இதை என்னண்டு தெரிஞ்செடுத்திருப்பினம்?" என்று யூஜினி கேட்டார்.

மறுநாள் இக்னேசியஸ் கவுண்டரில் ஒன்பதிலிருந்து ஒன்றுவரை இருந்தார். ஒருவரும் வரவில்லை. ஒன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. மோர்னிங்சைட் பக்கம் ஒரு வரிசை வீட்டில், ஒரு பெண் குப்பை போட வெளியே வந்து கதவு சாத்திக்கொண்டது. அவர் போனபோது அவள் வெறுங்காலோடு படியில் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேடுதளப் பதிவில் இருப்பவர் நீங்கள்தானா, எப்படி நம்புவது, நிறைய ஏமாற்றுக்காரர் இருக்கிறார்களாமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் வானிலிருந்த காந்தத் தகட்டைக் காட்டினார். அவள் திருப்தியடையவில்லை. தொலைபேசியில் கடையின் படத்தைக் காட்டினார். பலகையையும் கவுண்டரையும் பார்த்ததும் சரி என்றாள்.

பிறகு அவருடைய முறை. யாருக்குத் திறப்பதற்கு முன்னும் அவர் அந்த வீட்டுக்காரர்தானா என்று அடையாளம் கேட்பார். அவளுடைய அடையாளப் பத்திரங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. இது வழமையானது. வழமையாக அவர் செய்வது, பக்கத்து வீட்டைத் தட்டிக் கேட்பது. தட்டினார். ஒரு வயதான சீனர் வந்து, அவளைப் பார்த்து, ஓம், தெரியும் என்று தலையாட்டினார். நாய் வைத்திருப்பவள் என்றார்.

"என்னிடம் நாய் இல்லை" என்றாள் அந்தப் பெண்.

கிழவர் மறுபடியும் பார்த்தார். தெரியும், தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இக்னேசியஸ் படியில் கம்பிகளோடு நின்றார். அவளுடைய கால்களைப் பார்த்தாராம். வெறுங்காலோடு யாரும் களவெடுக்க வருவதில்லை என்று நினைத்தார். ஆனால் சென் ஜேம்ஸ் ரவுணில் சத்தம் கேட்காமலிருக்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கூட வெறுங்காலோடு கம்பியால் தன் வீட்டைத் திறந்திருக்கிறார், பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்றும் நினைத்தார். கடைசியில் திறந்தார். அவள் ஓடிப்போய் ஓட்டுநர் பத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள். அதில் வேறு முகவரி இருந்தது. போன மாதம்தான் குடிவந்தேன், இன்னும் மாற்றவில்லை என்றாள். முகம் அவளுடையதுதான். அவர் அதைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

தரிப்பிடத்தில் வானுக்குள் ஏறியதும் ஏஜென்சிக்கு அழைத்தார். செப்ரெம்பரில் வருவதாகச் சொன்னேன், இனி வரவில்லை என்றார். அங்கிருந்த பெண் காரணம் கேட்டாள், படிவத்தில் நிரப்பவேண்டுமாம். வேலை கிடைத்திருக்கிறது என்றார். எங்கே என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கி, மல்வேர்ன் பிளாசாவின் முகவரியைச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பதிந்துகொண்டாள். வாழ்த்துச் சொன்னாள்.

அந்தப் பின்னேரம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவருக்குச் சந்தோசம் என்றுதான் முகம் காட்டியது. வலது கையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

"ஆனாலும் அண்ணை, அந்தப் பொம்பிளையின்ர வீடுதானே அது?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?